மெலிந்தால் "என்ன வருத்தம்?" என்று கேட்கும் ஊரில் எடை குறைப்பது

மட்டக்களப்பில் ஒருவர் நான்கைந்து கிலோ குறைந்துவிட்டால், சந்தையிலோ கோயில் வீதியிலோ காண்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன, ஏதும் வருத்தமா?" என்பதுதான். உடம்பு வைத்தவரைக் கண்டால் கேள்வி வராது; "இப்ப நல்லா இருக்கிறீங்க" என்ற பாராட்டுத்தான் வரும். கொழும்பிலோ இலண்டனிலோ இருந்து வரும் பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி சும்மா பிறந்ததல்ல.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியபோது வாவியின் இரு கரைகளிலிருந்தும் சனம் ஓடியது. வந்தாறுமூலையிலுள்ள பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக மாறியது. அதற்குப் பின்னான ஆண்டுகளில் படுவான்கரைக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் மாவும் சோதனைச் சாவடியைத் தாண்டி அளந்து அளந்தே போயின. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுவான்கரையைத் தின்றது. 2006 இன் கடைசியில் வாகரையும், 2007 மார்ச்சில் படுவான்கரையும் இடம்பெயர்ந்தன. மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் கிடந்தார்கள். இந்த நாட்களைக் கண்ட ஒரு தாய்க்கு மெலிவு என்றால் பசி, காய்ச்சல், முகாம், காணாமற்போன மகன். ஆகவே மருமகன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தால் "இன்னும் கொஞ்சம் போடன் மனே" என்று அவர் அகப்பையை நீட்டுகிறார். அந்த அகப்பையை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போகும் சுகாதார அறிவுரை எதுவும் இங்கே எடுபடாது.

ஆனால் நோயின் முகம் மாறிவிட்டது. 2005-2006 இல் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வு, இலங்கையில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த ஆய்வில் வடக்கும் கிழக்கும் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை, காரணம் போர். 2018-2019 இல் நாடு முழுவதும் நடந்த சுகாதார, முதுமை ஆய்வில் அந்த எண் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர் என்றாகியது. இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவை அல்ல. இருந்தாலும் கூடியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. கிளினிக் நாளில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒருமுறை போய் வந்தவர்களுக்கு இந்த எண்களும் தேவையில்லை.

பட்டினி கிடந்த ஒரு சமூகத்தில் உடற்பருமனும் சீனி வருத்தமும் எப்படி வந்தன? பசியும் பருமனும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மருத்துவ ஆய்வுகள் சொல்வது வேறு. நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில், முற்றுகையால் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்ச காலத்தில் தாயின் வயிற்றிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களை, அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது எனுகு நகரில் ஆராய்ந்தார்கள். பஞ்சத்துக்குப் பின் பிறந்தவர்களைவிட இவர்களிடையே உயர் இரத்த அழுத்தமும், இரத்தத்தில் சீனிக் குழப்பமும், அதிக எடையும் கூடுதலாக இருந்தன. 2010 இல் வெளியான ஆய்வு அது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சமும், 1932-1933 உக்ரேன் பஞ்சமும் இதே திசையைத்தான் காட்டின. கருவில் இருக்கும்போது சாப்பாடு குறைந்தால், கிடைப்பதைச் சேமித்து வைக்கும்படி உடம்பு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது அதே ஒழுங்கு வினையாகிறது என்பது விளக்கம்.

இதை மட்டக்களப்போடு வைத்துப் பாருங்கள். 1990 இல் முகாமில் பிறந்த குழந்தைக்கு இன்று முப்பதைத் தாண்டிய வயது. ஓட்டோ ஓட்டுகிறார், தையல் தைக்கிறார், கட்டாரில் வேலை செய்கிறார். "எங்கட பரம்பரையில சீனி இல்ல" என்று அவர் சொல்லக்கூடும். பரம்பரையில் இல்லாவிட்டாலும், பிறந்த ஆண்டில் இருக்கலாம்.

மற்றது மனம். அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 தாதியரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015 இல் வெளியானது. பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவடு அறிகுறிகள் மிக அதிகமாக இருந்த பெண்களுக்கு, அத்தகைய அதிர்ச்சி எதையும் காணாத பெண்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நித்திரை குழம்புவது, எந்நேரமும் உடம்பு பதற்றத்தில் இருப்பது, அந்தப் பதற்றத்தில் சுரக்கும் கோட்டிசோல் என்ற ஹோர்மோன் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்ப்பது, மனம் ஆற இனிப்பைத் தேடுவது என்று பல வழிகள் இதற்குள் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு எழும்பி முற்றத்தில் இருக்கும் பெண்ணிடம், வாரக் கடன் கட்டும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், "வாயைக் கட்டுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம்கூட இல்லை.

மூன்றாவதாக நிவாரணம். முகாம்களில் கிடைத்த பொதியில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் இருந்தன. உயிரைக் காப்பாற்றிய பொதி அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மாவும் சீனியும் எண்ணெயும் மட்டும் கொண்டு நாளைக் கடத்தப் பழகிய அடுப்பு, முகாமை விட்டு வந்த பின்னும் அந்தப் பழக்கத்தை முழுவதுமாக விடவில்லை என்றே நினைக்கிறேன். காலையில் பாண், பத்து மணிக்குப் பணிஸ், இரவில் கோதுமை மாப் பிட்டு அல்லது ரொட்டி. 2022 இன் நெருக்கடியில் உணவு விலைப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 வீதத்தைத் தொட்டபோது, முட்டையும் மீனும் மரக்கறியும் முதலில் கோப்பையை விட்டுப் போயின. மாவும் சோறும் தங்கின. ஏழைகளின் பருமன் வசதியின் அடையாளம் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எவ்வளவு குறைத்தால் போதும்?

தெற்காசியர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே தொடங்குகிறது. கிலோகிராமில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 23 ஐத் தாண்டினாலே நாம் கவனிக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்றால் தையல் நாடாவை எடுத்து இடுப்பை அளக்கலாம்: பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் ஆண்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் தங்களைக் குண்டு என்று நினைப்பதே இல்லை. ஆபத்துப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவர்களும் அவர்கள்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், சினிமா நடிகர் மாதிரி மெலிய வேண்டியதில்லை. 2002 இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் தம் எடையில் ஏழு வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக இருந்தன. அந்தக் குழுவில் நோய் வருவது 58 வீதம் குறைந்தது. 70 கிலோ உள்ளவருக்கு ஏழு வீதம் என்பது ஐந்து கிலோ. சென்னையை மையமாக வைத்து வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006 இல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை; ஆனாலும் நடையும் சாப்பாட்டு மாற்றமும் நீரிழிவு வருவதை ஏறத்தாழ 28 வீதம் குறைத்தன. தராசு அசையவில்லை என்று இரண்டாம் மாதமே கைவிடுபவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட கதை

எடை குறைப்பைத் தனியாளின் மனவுறுதிப் பரீட்சையாக்கிவிட்டோம். முகநூலில் "முன்", "பின்" படங்கள், யூடியூப்பில் மூன்று வாரச் சவால்கள். எங்கள் வீடுகளில் ஒருவர் தனக்கென்று தனியாகச் சமைப்பதில்லை, தனக்கென்று தனியாக வாங்குவதில்லை, பல வேளைகளில் தனக்கென்று தனி அறையே இல்லை. பானை ஒன்று. அந்தப் பானை மாறாமல் ஒருவரின் உடம்பு மட்டும் எப்படி மாறும்?

இதற்கு இலங்கையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொழும்பு மாவட்டத்தின் ஹோமாகம கல்வி வலயத்தில் நளிகா குணவர்தன உள்ளிட்ட ஆய்வாளர்கள் 20 பாடசாலைகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்கள் 308 பேரும் அவர்களின் அம்மாமாரும் அதில் இருந்தார்கள். பாதிப் பாடசாலைகளில் மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி, எடை, சாப்பாடு, உடலசைவு பற்றிச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் அம்மாவின் உடம்பைக் கவனிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார்கள். என்ன செய்வது என்ற திட்டத்தையும் பிள்ளைகளே போட்டார்கள். ஒரு வருடத்தின் பின் அளந்தபோது, அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் மற்றப் பாடசாலைகளின் அம்மாமாரைவிடச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரைக் கிலோ குறைவாக இருந்தார்கள். கூடுதலாக நடந்தார்கள். அந்த வீடுகளில் பிஸ்கட்டும் ஐஸ்கிறீமும் வாங்குவதும் குறைந்திருந்தது. 2016 இல் இந்த முடிவு வெளியானது.

இரண்டரைக் கிலோ பெரிய எண்ணாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த அம்மாமார் வைத்தியரைத் தேடிப் போகவில்லை, காசு கட்டவில்லை, மருந்து எடுக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை "அம்மா, நேத்து நடக்கல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். கணவர் சொன்னால் சண்டை, மாமியார் சொன்னால் மனவருத்தம், வைத்தியர் சொன்னால் பயம். பிள்ளை சொன்னால் கேட்கிறோம்.

இன்னொன்று இரத்த அழுத்தம் பற்றியது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2,645 பேரோடு நடந்த ஆய்வு 2020 இல் வெளியானது. ஏற்கனவே ஊரில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பிரஷர் பார்த்து, குடும்பத்தோடு இருந்து கதைத்தார்கள். தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் நமக்கெல்லாம் தெரிந்த குடும்ப நல உத்தியோகத்தர்கள். இரண்டு ஆண்டுகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்தது.

மட்டக்களப்புக்கு வந்தால், இங்கே இதற்கான அடித்தளம் வேறு எங்கும் இல்லாத அளவுக்கு ஏற்கனவே இருக்கிறது. தாய்வழிக் குடிமுறை உள்ள பிரதேசம் இது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாகப் போகின்றன. கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். ஆகவே அம்மா, பெரியம்மா, சின்னம்மா, அக்கா, தங்கச்சி என்று ஒரு வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பெண்கள் வாழ்கிறார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே போன்றவர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். சொத்தைப் பற்றியும் கோயில் உரிமையைப் பற்றியும் எழுதினார்கள். நான் நடையைப் பற்றி எழுதுகிறேன். மேற்கு நாடுகளில் காசு கட்டிச் சேரும் "ஆதரவுக் குழு" ஒன்று நம் வளவில் பிறக்கும்போதே கிடைக்கிறது. போரில் கணவனை இழந்த பெண்கள் இந்த ஊரில் உயிர் தப்பி நின்றதற்கு அந்த வேலி தாண்டிய உறவு ஒரு பெரிய காரணம். உடம்பைக் காப்பதற்கும் அதைக் கூப்பிடலாம்.

பானையில் இருந்து தொடங்குவோம்

முதலில் தேத்தண்ணி. ஒருவர் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கரண்டிக்கு 5 கிராம் வீதம் நாளுக்கு 50 கிராம். அதிலிருந்து வருவது 200 கலோரி. அதைச் செலவழிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சீனி, ஐந்து பேர் குடும்பத்தில் ஏழரைக் கிலோ. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 50 கிராமை மேல் எல்லை என்றும், 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்றும் சொல்கிறது. அதாவது தேத்தண்ணியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. பிஸ்கட்டும் சோடாவும் இன்னும் வரவில்லை. ஒரேயடியாக விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் இரண்டு கரண்டி ஒன்றரையாகி, இரண்டு வாரத்தில் ஒன்றாகினால் நாக்கு பழகிவிடும். அப்பாவுக்கு மட்டும் சீனி இல்லாத தேத்தண்ணி என்றால் அவர் சந்திக் கடையில் போய் இரண்டு மடங்காகக் குடித்துவிட்டு வருவார்.

சோடா வாங்குபவர்களுக்கு: போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் ஒன்று இருக்கும். 2016 ஓகஸ்ட் முதல் கட்டாயமாக்கப்பட்டது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. விருந்தாளி வந்தால் சோடா உடைப்பதுதான் மரியாதை என்பது எப்போது வந்ததோ தெரியாது. இளநீரும் மோரும் உள்ள ஊர் இது.

சோற்றை விடச் சொல்லப் போவதில்லை. நெல் விளையும் மண்ணில் அது நடக்காது. சோற்றின் அளவைக் குறைத்து, கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் இலைக்கறிக்கும் கொடுப்பதுதான் மாற்றம். 2015 இன் தேசிய ஆய்வில், இலங்கையின் வயதுவந்தவர்களில் 72 வீதத்துக்கு மேற்பட்டோர் போதிய பழமும் மரக்கறியும் சாப்பிடவில்லை. மரக்கறி விலையைக் கேட்டால் அதற்குக் காரணம் புரியும். ஆனால் வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கை இலையும் குறிஞ்சாவும் வேலியோரத்தில் கிடைக்கின்றன. வாவியில் ஓராவும் திரளியும் செல்வனும் இருக்கின்றன. அதே மீனைப் பொரிக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ வைத்தால் எண்ணெய் மிச்சம். பிட்டுக்குக் கோதுமை மாவைப் பாதியாக்கி, குரக்கன் மாவோ சிவப்பரிசி மாவோ கலக்கலாம். கருவாடும் ஊறுகாயும் உப்பு. இலங்கையர் சராசரியாக நாளுக்கு 8 கிராம் அளவில் உப்புச் சாப்பிடுகிறார்கள், வேண்டியது 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டும்.

இன்னொரு விஷயம் பெண்களுக்கே உரியது. கடைசியாகச் சாப்பிடும் அம்மா, சட்டியில் மிஞ்சியதை வீசக்கூடாது என்று தன் வயிற்றில் போடுகிறார். பசியைக் கண்டவருக்குச் சோற்றை வீசுவது பாவம். ஆகவே "மிச்சத்தைச் சாப்பிடாதீங்க" என்று சொல்வதைவிட, உலை வைக்கும்போதே ஒரு சுண்டு அரிசியைக் குறைப்பது சுலபம். அவரை எல்லோரோடும் சேர்ந்து இருந்து சாப்பிட வைப்பது அதைவிட நல்லது.

நடை என்று வரும்போது நகரத்தில் இருப்பவர்களுக்குப் பழைய கல்லடிப் பாலமும் காந்தி பூங்காவும் வாவிக்கரை வீதியும் வெபர் மைதானமும் இருக்கின்றன. விடிய ஐந்தரைக்குப் போனால் கூட்டமே இருக்கும். படுவான்கரையில் அது முடியாது. வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களில் விடியற்காலையும் மாலைக் கருக்கலும் யானையின் நேரம். "காலையில் எழும்பி நடவுங்கள்" என்று கொழும்பில் அச்சடித்த துண்டுப் பிரசுரம் இதை அறியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்கே வெயில் தாங்காது. மிஞ்சுவது பாடசாலை மைதானம், கோயில் வளவு, காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி. பத்துப் பத்து நிமிடமாக மூன்று தரம் நடந்தாலும் கணக்கில் சேரும். வயலில் இறங்கி வேலை செய்பவர்களுக்குத் தனியாக நடை வேண்டியதில்லை. வெட்டும் விதைப்பும் இல்லாத மாதங்களில்தான் அவர்களுக்கு எடை ஏறுகிறது.

பெண்கள் நடப்பதில் யானையைவிடப் பெரிய தடை வாய். "எங்க இவ வேலை வெட்டி இல்லாம ரோட்டில நடக்கிறா?" தனியாகப் போனால் இந்தக் கேள்வி வரும், கணவர் இல்லாத பெண் என்றால் இன்னும் கூடுதலாக வரும். ஆறு பேர் சேர்ந்து போனால் வராது. குழுவாக நடப்பதன் முதல் பயன் உற்சாகம் என்று புத்தகங்கள் சொல்லும். இங்கே முதல் பயன் பாதுகாப்பு. கிராமிய அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சீட்டுக் குழு என்று வாரத்துக்கு ஒருமுறை கூடும் பெண்கள் எப்படியும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து நாற்பது நிமிடம் எடுத்தால் போதும். ஒரு தராசும் ஒரு தையல் நாடாவும் பொதுவாக வாங்கி வைத்து மாதத்துக்கு ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதலாம். எண்ணை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டாம். வெட்கப்பட்டவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

நடக்கப் பிடிக்காத இளையவர்களுக்குக் கூத்து இருக்கிறது. வடமோடி ஆட்டம் பழகியவருக்கு அது எவ்வளவு மூச்சு வாங்கும் என்று தெரியும். களரி ஏறும் வரை மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழகுவார்கள். சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தின்போது சிறுவர்களும் பெரியவர்களும் சேர்ந்து ஆடியது கலைக்காகத்தான். உடம்புக்கும் அது கிடைத்தது.

ஆண்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர்கள் வருவதில்லை. சுகாதார அமைச்சு 2011 முதல் பிரதேச, ஆதார வைத்தியசாலைகளில் சுகவாழ்வு நிலையங்களைத் திறந்தது. 35 வயதைத் தாண்டிய எவரும் போய் எடை, இடுப்பு, பிரஷர், சீனி பார்க்கலாம். அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்பு வரக்கூடிய ஆபத்தையும் கணக்கிட்டுச் சொல்வார்கள். செலவு இல்லை. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் வேலை நேரத்தில் போனால் நாட்கூலி போகும் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் சாராயத்துக்கும் கொத்துரொட்டிக்கும் செலவாகும் ஒரு மாலைக்கும் கூலிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மீனவர் சங்கமோ ஓட்டோ சங்கமோ தம் உறுப்பினர்களுக்காக ஒரு நாளைக் கேட்டால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊருக்கே வந்து பார்க்கும் வழியும் உண்டு. கேட்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள். எந்த முயற்சியும் இல்லாமல் எடை குறைந்தால், கூடவே தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். மாலைக் காய்ச்சலும் வாரக்கணக்கில் இருமலும் சேர்ந்தால் காசநோயாக இருக்கலாம். அப்போது ஊர் கேட்கும் "என்ன வருத்தம்?" சரியான கேள்வி. சீனிக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கந்தசஷ்டி விரதமோ நோன்போ பிடிப்பதற்கு முன்னால் கிளினிக்கில் சொல்லி மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் சீனி இறங்கி வியர்த்து, நடுங்கி, மயங்கி விழக்கூடும். "பத்து நாளில் பத்துக் கிலோ" என்று விற்கும் மாப்பொடிகளையும், யார் கொண்டுவந்தது என்று தெரியாத குளிசைகளையும் வாங்காதீர்கள். நித்திரை வராதவர்களும், பழைய நினைவுகள் திரும்பத் திரும்ப வருபவர்களும் எடைக்கு முன்னால் அதற்கு உதவி கேட்பது நல்லது. போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதால் யாரும் பைத்தியம் ஆகிவிடுவதில்லை.

கடைசியாக, போரில் உடல் உறுப்பை இழந்தவர்கள். நடைப்பயிற்சி பற்றிய கட்டுரைகள் இவர்களை மறந்தே எழுதப்படுகின்றன. செயற்கைக் கால் போட்டவருக்கு ஐந்து கிலோ ஏறினாலும் இறங்கினாலும் கால் பொருந்தும் கிண்ணம் இறுகும் அல்லது தளரும். தளர்ந்தால் உராய்ந்து புண் வரும். அப்படியே சமாளித்து நடக்காமல், செய்த இடத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தண்ணீர் நிரப்பிய போத்தல்களைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்கலாம், நாற்காலியைத் தாமே தள்ளி ஊர் சுற்றலாம். மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்குச் செய்தால் அதுவும் நடைதான். கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவருக்கு நீரிழிவு வந்தால் மற்றக் கால்தான் எல்லாம். நரம்பு மரத்துப்போன பாதத்தில் முள் ஏறியதுகூடத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் அந்தப் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் ஒரு சிறு கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டிலுள்ள பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் மறுநாள் காலையிலேயே வைத்தியசாலைக்குப் போங்கள்.